சிவப்பு என்றால் ஆபத்தா? – வயர் நிறங்களின் கதை



இந்தப் பதிவு கரண்ட் பற்றியது. எலக்ட்ரிகல் படிக்கும் நண்பர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதிவு நீளம்தான். ஆனால் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டு மிக்ஸியின் பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்து (சாக்கெட்டிலிருந்து பிடுங்கிய பிறகுதான்!) மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் கோடு போட்டது என்று மூன்று வயர் இருக்கும். அந்தப் பிளக் போய்ச் செருகும் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் இருப்பதோ சிவப்பு, கருப்பு, பச்சை. ஒரே கரண்ட், ஒரே வீடு, நடுவில் இரண்டு அங்குல இடைவெளி. அதற்குள் நிறங்களின் பெயர் மாறிவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் ரங்கூன், பினாங்கு, லண்டன், ஜெனிவா என்று ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கிறது. வாருங்கள், சுற்றுவோம்.

நிறம் எதற்கு?

நம் தெருமுனை டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கு இரண்டு வயர் வருகிறது. ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் அடியிலேயே பூமியோடு இணைத்திருப்பார்கள். அதனால் பூமியில் நிற்கும் நமக்கும் நியூட்ரலுக்கும் சாதாரணமாக வித்தியாசம் ஏறக்குறைய இருக்காது. பேஸுக்கும் நமக்கும் வித்தியாசம் 230 வோல்ட். பேஸைத் தொட்டால் கரண்ட் நம் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கும்.

மூன்றாவது வயர் எர்த். இது வேலை இல்லாத காவல்காரன் மாதிரி. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை இதில் கரண்ட் ஓடாது. கிரைண்டருக்குள் பேஸ் வயர் தேய்ந்து இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், அந்தக் கரண்டை எர்த் வயர் பூமிக்குக் கொண்டுபோகும், பியூஸ் போகும், நாம் பிழைப்போம்.

மூன்று வயருக்குள்ளும் இருப்பது ஒரே செம்புதான். பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. மேலே இருக்கும் உறையின் நிறம் மட்டுமே பெயர்ப்பலகை.

பெயர்ப்பலகை மாறினால் என்ன ஆகும்? சின்ன உதாரணம். சுவிட்சை எப்போதும் பேஸ் வயரில்தான் போட வேண்டும். தவறி நியூட்ரலில் போட்டுவிட்டால் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறுகிறவருக்குத்தான் அது தெரியவரும். இந்தத் தப்பின் பயங்கரமே அதுதான். வேலை செய்யாவிட்டால் கண்டுபிடித்துவிடலாம், இது வேலை செய்துகொண்டே இருக்கும்.

ரப்பர் காலம்

எங்கள் ஊர் இளையாத்தங்குடி. கைலாசநாதர், நித்யகல்யாணி கோயிலால் பெயர் பெற்றது. நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் இது ஒன்று. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும்: பர்மாத் தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு என்று கொண்டுவிற்கப் போனவர்கள் கப்பலில் அனுப்பிய பொருட்கள்தான் இந்த வீடுகள்.

அந்த வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது அதன் பழக்கவழக்கங்களும் கப்பலிலேயே வந்தன. மதராஸ் மாகாணத்தில் பைகாரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் மின்சாரம் தர ஆரம்பித்தன. சட்டம், சுவிட்ச், பிளக், வயர் எல்லாமே பிரிட்டிஷ் வழி. நாம் இன்றும் பயன்படுத்தும் உருண்டைக் கால் மூன்று முனை பிளக் 1934-ன் பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 546-ன் வாரிசு. 1947-க்குப் பிறகு பிரிட்டன் பட்டைக் கால் பிளக்குக்குப் போய்விட்டது. நாம் உருண்டைக் காலிலேயே நின்றுவிட்டோம். (இதை நினைவில் வையுங்கள், நிறத்திலும் இதே கதைதான் வரப்போகிறது.)

அந்தக் கால வயரின் உறை ரப்பர். செம்புக் கம்பி, அதன் மேல் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல். கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பழைய வீட்டு வயரை வெட்டினால் செம்பு வெள்ளையாக இருப்பதன் ரகசியம் இதுதான். மரச்சட்டத்துக்குள் ஓடும் இந்த வயர்களில் நிறம் என்பது நூல் பின்னலின் சாயம். ஐம்பது வருடத்து ஒட்டடை, சூடு, பழைய வார்னிஷ் எல்லாம் சேர்ந்தால் சிவப்பும் கருப்பும் ஒரே அழுக்குப் பழுப்பாகிவிடும்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்தக் காலத்தில் உலகின் ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் செட்டியார்களின் கடனும் இருந்தது, சொந்தத் தோட்டங்களும் இருந்தன. ஆக, வட்டிக்குப் போன பணம் ரப்பராகி, ரப்பர் மேல்நாட்டுத் தொழிற்சாலையில் வயராகி, அந்த வயர் மறுபடி நம் பக்கத்து வீடுகளின் முகப்புக்கு வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு!

1942-ல் ஜப்பான் மலாயாவையும் பர்மாவையும் பிடித்தது. செட்டிநாட்டுக்கு அது பெரிய அடி, கதைகளாகவே கேட்டிருப்பீர்கள். நேச நாடுகளுக்கும் ரப்பர் நின்றுபோனது. அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் 1926-லேயே பி.வி.சி.யை வளையும்படி செய்யக் கண்டுபிடித்திருந்தார். ரப்பர் இல்லாத போர்க்காலத்தில் வயர் உறைக்கு அது கைகொடுத்தது. பி.வி.சி.யில் நிறத்தைக் கலவையிலேயே சேர்த்துவிடலாம், சீக்கிரம் வெளுக்காது. நிறத்தை நம்பி ஒரு விதி எழுதுவது அதன் பிறகு சுலபமாயிற்று.

நாட்டுக்கு ஒரு பாஷை

விதி எழுதலாம். ஆனால் யாருடைய விதி? அதற்குள் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு பழக்கத்தில் ஊறியிருந்தது. பட்டியலைப் பாருங்கள்.

பிரிட்டன் (அதன் வழியில் இந்தியா, இலங்கை, மலாயா): சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்.

அமெரிக்கா: கருப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறையே இல்லாத வெறும் செம்பு எர்த்.

ஜப்பான்: கருப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த்.

ஜெர்மனி (1960களின் நடுப்பகுதி வரை): கருப்பு பேஸ், சாம்பல் நியூட்ரல், சிவப்பு... எர்த்!

நெதர்லாந்து (1970 வாக்கில் மாற்றும் வரை, வீட்டு வயரிங்கில்): பச்சை பேஸ், சிவப்பு நியூட்ரல்!

திரும்பவும் ஒருமுறை படியுங்கள். நமக்கு உயிரைக் காக்கும் பச்சை, டச்சுக்காரர் வீட்டில் உயிரை எடுக்கும் பேஸ். நமக்குத் தொடக்கூடாத சிவப்பு, ஜெர்மன்காரருக்குக் காவல்காரன்.

சிவப்பைப் பார்த்தாலே ஆபத்து என்று தோன்றுவது இயற்கை என்று நாம் நினைக்கிறோம். நம் ஊரில் சிவப்பு குங்குமம், பச்சை மங்கலம், கருப்பு திருஷ்டிப்பொட்டு. இன்னோர் ஊரில் வேறு. நிறத்துக்கென்று சொந்தமாக ஒரு அர்த்தமும் கிடையாது, நாலு பேர் சேர்ந்து ஒத்துக்கொண்டால்தான் அர்த்தம்.

ஒரு நாட்டுக்குள்ளேயே செய்து அங்கேயே விற்றவரை இது பிரச்சினை இல்லை. போருக்குப் பிறகு வாஷிங் மெஷின், வாக்வம் கிளீனர், டிரில்லிங் மெஷின் எல்லாம் எல்லை தாண்ட ஆரம்பித்தன. அப்போது பல சாதனங்கள் பிளக் இல்லாமல், வெறும் வயர் முனையோடு வரும். வாங்கியவர் தன் ஊர்ப் பிளக்கை மாட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு பழைய ஜெர்மன் டிரில்லை பிரிட்டனில் ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். உள்ளே கருப்பு, சாம்பல், சிவப்பு. அவருக்குத் தெரிந்த பாடம் சிவப்பு என்றால் பேஸ். சிவப்பைப் பேஸ் முனையில் மாட்டுகிறார். அந்தச் சிவப்பின் மறுமுனை டிரில்லின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கிறது. பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டவுடன் அவர் கையில் பிடித்திருப்பது டிரில் அல்ல, 240 வோல்ட். தொழிற்சாலையும் தப்புச் செய்யவில்லை, வாங்கியவரும் தான் படித்த பாடப்படிதான் செய்தார். இரண்டு சரியான விதிகள் சந்தித்த இடத்தில் ஒரு சாவு நடக்கலாம்.

பழுப்பு ஏன்? நீலம் ஏன்? கோடு ஏன்?

மின்சாரத்துக்கு உலகப் பொதுத் தரங்கள் வகுக்க சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் என்று ஒன்று 1906-ல் லண்டனில் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் நாம் பிசிக்ஸில் படித்த அதே கெல்வின் பிரபு. 1948-ல் அலுவலகம் ஜெனிவாவுக்கு மாறியது. இந்தியாவின் சார்பில் இதில் இருப்பது பி.ஐ.எஸ்., அதாவது 1947-ல் ஐ.எஸ்.ஐ. என்று தொடங்கி 1987-ல் பெயர் மாறிய நிறுவனம்.

இங்கேயும் ஐரோப்பியத் தர அமைப்புகளிலும் பேசிப் பேசித்தான் சாதன வயர்களுக்கு ஒரு பொது நிறம் முடிவானது: பேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள் கோடு.

இதில் இருக்கும் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள்.

முதலில், சிவப்பையே வெளியேற்றிவிட்டார்கள். ஓர் இடத்தில் பேஸ், ஓர் இடத்தில் நியூட்ரல், ஓர் இடத்தில் எர்த் என்று இருக்கும் நிறத்தை யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவர் ஊரில் ஆபத்து.

இரண்டாவது, நிறக்குருடு. ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. பெண்களுக்கு மிகக் குறைவு. வயர் மாட்டுகிற வேலையில் அன்று இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதாவது பேஸுக்கும் எர்த்துக்கும் உள்ள வித்தியாசத்தை, பன்னிரண்டு பதின்மூன்று பேரில் ஒருவருக்குக் குழப்பக்கூடிய இரண்டு நிறங்களில் எழுதி வைத்திருந்தது பழைய முறை!

மூன்றாவது, அதற்கான விடைதான் கோடு. பச்சை-மஞ்சளை நிறமாகப் பார்க்கவே வேண்டாம், கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். எந்த 15 மில்லிமீட்டர் நீளத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரு நிறம் 30 சதவீதத்துக்குக் குறையாமலும் 70 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது. வெட்டிய சின்னத் துண்டில்கூடக் கோடு தெரிய வேண்டும் என்பதற்காக. இந்தக் கோட்டை எர்த் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. மற்றவற்றில் எவ்வளவு குழப்பம் இருந்தாலும் இந்த ஒன்றில் மட்டும் சமரசம் இல்லை.

கருப்பும் நீலமும் இடம் மாறிய கதை

பிரிட்டன் 1969-ல் விதி போட்டு 1970 முதல் சாதன வயர்களைப் பழுப்பு-நீலத்துக்கு மாற்றியது. ஆனால் சுவருக்குள் ஓடும் வயரிங்கைத் தொடவில்லை. அது சிவப்பு-கருப்பாகவே நீடித்தது. கடைசியில் 2004-ல் புதிய நிறங்களை அனுமதித்து, 2006 ஏப்ரல் முதல் புது வேலைக்கெல்லாம் அதையே கட்டாயமாக்கினார்கள். சுமார் 36 வருடம் பிரிட்டிஷ் வீடுகளும் நம் வீடு போலத்தான் இருந்தன: பிளக்குக்குள் ஒரு பாஷை, சுவருக்குள் ஒரு பாஷை.

ஏன் இவ்வளவு தயக்கம்? காரணம் மூன்று பேஸ் வயரிங்.

பழைய முறையில் மூன்று பேஸும் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கருப்பு. நம் டிரான்ஸ்பார்மர்களிலும் மோட்டார் ரூம்களிலும் ஆர், ஒய், பி என்று எழுதியிருப்பது இதைத்தான். புதிய முறையில் மூன்று பேஸும் பழுப்பு, கருப்பு, சாம்பல். நியூட்ரல் நீலம். எர்த்தோடு குழம்பும் என்பதால் தனி மஞ்சளுக்கு இடமில்லை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கருப்பு நியூட்ரல், புதிய கருப்பு பேஸ். பழைய நீலம் பேஸ், புதிய நீலம் நியூட்ரல். தலைகீழ்! ஒரு கட்டடத்தின் பழைய பகுதியில் பாதி, புதிய பகுதியில் பாதி என்று இரண்டும் சேர்ந்தால், கருப்பும் கருப்பும் ஒன்று என்று நினைத்து இணைக்கிறவர் பேஸையும் நியூட்ரலையும் முட்டவிடுவார். அதனால்தான் இரண்டு நிற முறைகளும் கலந்த கட்டடங்களில் மெயின் போர்டில் எச்சரிக்கை அட்டை ஒட்ட வேண்டும் என்று பிரிட்டனில் விதி வைத்தார்கள்.

பிரிட்டிஷ் பழக்கத்தில் இருந்த மற்ற ஊர்களும் பின்னால் போயின. ஹாங்காங் 2007 ஜூலையில் புதிய நிறங்களை அனுமதித்து 2009 ஜூலையோடு பழையதை நிறுத்தியது. சிங்கப்பூரும் 2009-ல் மாறியது.

நாம் எங்கே நிற்கிறோம்?

1956-ன் இந்திய மின்சார விதிகள், எர்த் செய்யப்பட்ட நியூட்ரலை அழியாத அடையாளத்தோடு காட்ட வேண்டும், அதில் தனியாக பியூஸோ சுவிட்சோ போடக்கூடாது என்று சொல்லின. அந்த விதிகளின் இடத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகள் வந்தன, பிறகு 2023-ல் அவையும் புதுப்பிக்கப்பட்டன. எந்த நிறம் என்பதை இந்தியத் தரங்கள் சொல்கின்றன. 1985-ன் ஐ.எஸ். 11353 மூன்று பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கருப்பு என்றது. எர்த்துக்கு மட்டும் உலகத்தோடு சேர்ந்து பச்சை-மஞ்சள்.

இன்றும் காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ எலக்ட்ரிகல் கடையில் வீட்டு வயரிங்குக்கு என்று கேட்டால் சிவப்பு, கருப்பு, பச்சைச் சுருள்தான் எடுத்துப் போடுவார்கள். ஆனால் வாங்கும் சாதனம் உலகச் சந்தைக்குச் செய்தது, அதனால் பழுப்பு-நீலத்தோடு வருகிறது. மிக்ஸி பிளக்கின் மர்மம் இவ்வளவுதான். சாதனம் ஜெனிவா பேசுகிறது, சுவர் இன்னும் பழைய லண்டன் பேசுகிறது. லண்டனே அந்தப் பாஷையை விட்டுவிட்டது!

நாமும் மாற வேண்டுமா? மாறினால் பழைய வீடுகளிலெல்லாம் அந்தக் கருப்பு-நீலம் குழப்பம் வரும். மாறாவிட்டால் வெளிநாடு போகிற நம் ஆட்கள் தலையில் குழப்பம் தொடரும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு எலக்ட்ரிகல் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஊரில் பல வருடம் கருப்பை நியூட்ரல் என்று தொட்ட கை, அங்கே கருப்பைப் பேஸ் என்று பழக வேண்டும். விடுமுறைக்கு வந்து சொந்த வீட்டுக்கு வயரிங் செய்யும்போது மறுபடி பழையதற்குத் திரும்ப வேண்டும். ஐ.டி.ஐ.யில் உலக நிற முறைகளை ஒரு பக்க அட்டவணையாகவாவது அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து.

எந்தக் கோயில்?

நகரத்தார் வீடுகளில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் முதல் கேள்வி, எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்பதுதான். பெயரும் முகமும் ஒரே மாதிரி இருக்கலாம், கோயில் தெரியாமல் பேச்சு நகராது. வயரிடமும் அதையே கேட்க வேண்டும். நீ எந்த நாடு? எந்தக் காலம்? அது தெரியாமல் கருப்பு, சிவப்பு என்று உறவு வைத்துக்கொள்ளக்கூடாது.

குறிப்பாக எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில். ஒரே வீட்டில் நூல் பின்னிய ரப்பர் வயர், பிறகு வந்த பி.வி.சி. வயர், போன வருடம் ஏ.சி.க்கு இழுத்தது, அமெரிக்காவிலிருந்து பேரன் கொண்டுவந்த சாதனம், மாடியில் சோலார் என்று எல்லாம் இருக்கலாம். சோலாரில் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். அங்கே பேஸ், நியூட்ரல் என்ற பேச்சே கிடையாது, வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நிறம் என்பது மாட்டியவர் என்ன நினைத்தார் என்று சொல்லும், இப்போது வயரில் என்ன ஓடுகிறது என்று சொல்லாது. போஸ்ட்டில் நியூட்ரல் அறுந்துவிட்டால், வீட்டில் ஏதாவது ஒரு சாதனம் ஆன் ஆகியிருந்தாலே போதும், கருப்பு வயரிலும் டெஸ்டர் எரியும். நிறப்படி அது பாதுகாப்பான நியூட்ரல்!

ஆகவே நண்பர்களே, சுருக்கமாக:

1. மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள், மெயின் அணைந்தாலும் அது கரண்ட் தரும்.
2. டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். டெஸ்டரே பழுதாக இருக்கலாம். பிறகு வேலை செய்யும் இடத்தில் எல்லா வயரிலும் வைத்துப் பாருங்கள், கருப்பு, பச்சை உட்பட.
3. வெளிநாட்டுச் சாதனத்துக்குப் பிளக் மாற்றும்போது நிறத்தை நினைவிலிருந்து மாட்டாதீர்கள். எந்த வயர் உடம்போடு இணைந்திருக்கிறது என்று மீட்டரில் பார்த்து எர்த்தை முதலில் கண்டுபிடியுங்கள். வோல்ட்டும் பாருங்கள், அமெரிக்கா 120, ஜப்பான் 100.
4. பச்சை-மஞ்சள் கோடு போட்ட வயரை, கையில் வேறு வயர் இல்லை என்பதற்காகப் பேஸுக்கு இழுக்கவே இழுக்காதீர்கள். அதை நம்பி அடுத்து ஒருவர் கை வைப்பார்.
5. ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாக இருந்தால் போடச் சொல்லுங்கள். நிறம் பொய் சொன்னாலும் அது பல நேரம் காப்பாற்றும்.

நாலாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயரின் நிறம் நமக்காக இல்லை. மாட்டுகிற நமக்கு எது எது என்று தெரியும். இருபது வருடம் கழித்து, நாம் இல்லாத நேரத்தில், அந்தப் போர்டைத் திறக்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு நாம் எழுதி வைக்கும் கடிதம் அது. அவருக்குப் புரிகிற பாஷையில், பொய் இல்லாமல் எழுதுவோம்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.